யெல்லோநைஃப் முதல் இனுவிக் வரை: வடகோடி ஊர்களுக்கு நடுவே தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவின் வடமேற்கு ஆட்புலங்களில் இரண்டு ஊர்கள். ஒன்று தலைநகர் யெல்லோநைஃப். கிரேட் ஸ்லேவ் ஏரிக் கரையில் இருக்கிறது, 2021 கணக்கெடுப்பின்படி 20,340 பேர். இன்னொன்று இனுவிக். மெக்கென்சி ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே, 3,137 பேர் வாழும் சின்ன ஊர். இந்த இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று தேடிப் பார்த்தால் ஒரு பக்கம் 1,090 கிலோமீட்டர் என்று வரும், இன்னொரு பக்கம் 3,000 கிலோமீட்டருக்கு மேல் என்று வரும். பறக்கும் நேரமும் அப்படித்தான். ஒன்றே முக்கால் மணி என்பார்கள், மூன்று மணி என்பார்கள், "ரெண்டு நாள் கையில் வைத்துக்கொள்" என்றும் சொல்வார்கள்.

இதில் எதுவும் பொய் கிடையாது. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான பதில். வானத்தில் எவ்வளவு தூரம், சாலையில் எவ்வளவு தூரம், சக்கரம் தரையை விட்டு எவ்வளவு நேரம், வாசலிலிருந்து வாசல் வரை எவ்வளவு நேரம், கெட்ட வானிலைக்கும் சேர்த்து எவ்வளவு நேரம். தெற்கே இருக்கும் பெரிய நகரங்களில் இந்தக் கேள்விகளைப் பிரித்துப் பார்க்கத் தேவையே வராது. ஒரு விமானம் போனால் அடுத்தது இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். வடக்கே அப்படி இல்லை. ஒரு விமானத்தை விட்டால் அடுத்தது மறுநாளாக இருக்கலாம், அதற்கும் அடுத்த நாளாகவும் இருக்கலாம். அதனால் கிளம்புவதற்கு முன்பே கணக்கைச் சரியாகப் போட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பேப்பர், பேனா, போனில் இருக்கும் கால்குலேட்டர், இவ்வளவு போதும்.

1. ஊரை விட்டுவிட்டு விமான நிலையத்தைப் பிடியுங்கள்

தூரம் பார்க்கும் தளங்கள் பலவும் ஊரின் நடுப்புள்ளியிலிருந்து அளக்கும். நமக்கு வேண்டியது ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கு. யெல்லோநைஃப் விமான நிலையம் ஊரை ஒட்டியே இருக்கிறது. இனுவிக்கின் மைக் ஸுப்கோ விமான நிலையம் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கழிமுகத்துச் சிற்றூர்களுக்குச் சின்ன விமானங்கள் ஓட்டிய ஒரு விமானியின் பெயர் அது.

ஊர்ப்பெயரைவிட விமான நிலையக் குறியீட்டை வைத்துத் தேடுவது பாதுகாப்பு. யெல்லோநைஃபுக்கு ஒய்.இசட்.எஃப்., இனுவிக்குக்கு ஒய்.இ.வி. வானிலை அறிக்கைகளில் இவற்றுக்கு முன்னால் ஒரு சி. சேர்ந்து நான்கு எழுத்தாக வரும்.

இனி அமைவிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்:

யெல்லோநைஃப்: அட்சரேகை 62.46° வடக்கு, தீர்க்கரேகை 114.44° மேற்கு.
இனுவிக்: அட்சரேகை 68.30° வடக்கு, தீர்க்கரேகை 133.48° மேற்கு.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல அட்டவணைகளில் இவை பாகை, கலை என்ற முறையில் இருக்கும். இனுவிக் 68 பாகை 18 கலை. அதை அப்படியே 68.18 என்று எழுதிவிட்டால் ஊர் 13 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிடும். கலையை 60-ஆல் வகுத்து எழுத வேண்டும். 18-ஐ 60-ஆல் வகுத்தால் 0.30. ஆகவே 68.30.

2. தட்டை வரைபடத்தை ஓரமாக வையுங்கள்

எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நாம் தினமும் போனில் பார்க்கும் வரைபடம் மெர்கேட்டர் முறையில் வரைந்தது. வடக்கே போகப் போக அது நிலத்தை இழுத்துப் பெரிதாக்கும். யெல்லோநைஃப் அருகே உண்மையைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல், இனுவிக் அருகே 2.7 மடங்கு. நிலநடுக்கோட்டுப் பக்கம் திரையில் ஒரு விரல் அகலம் காட்டும் தூரத்தை அப்படியே இங்கே வைத்து அளந்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

காரணம் எளிது. அட்சரேகை ஒரு பாகை என்றால் உலகில் எங்கே போனாலும் ஏறக்குறைய 111 கிலோமீட்டர்தான். தீர்க்கரேகைகள் அப்படி இல்லை. அவை எல்லாம் துருவத்தில் போய் ஒன்றாகக் கூடுகின்றன. நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டராக இருக்கும் ஒரு பாகை, யெல்லோநைஃபில் 51 கிலோமீட்டராகச் சுருங்கி, இனுவிக்கில் வெறும் 41 கிலோமீட்டராகிவிடுகிறது. உரித்த ஆரஞ்சின் சுளையைப் பாருங்கள், நடுவில் அகலம், நுனியில் ஒன்றுமே இல்லை. அதே கதைதான்.

இப்போது கணக்கைத் தவறாகவும் சரியாகவும் போட்டுப் பார்ப்போம்.

தவறான வழி: அட்சரேகை வித்தியாசம் 5.84 பாகை, தீர்க்கரேகை வித்தியாசம் 19.04 பாகை. இரண்டையும் 111-ஆல் பெருக்கினால் 648, 2,113. பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றப்படி இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,210 கிலோமீட்டர். உண்மையில் இருப்பதைவிட இரண்டு மடங்கு!

சரியான வழி: தீர்க்கரேகை வித்தியாசத்தை நடு அட்சரேகையின் கோசைனால் (கால்குலேட்டரில் cos பொத்தான்) சுருக்க வேண்டும். 62.46-க்கும் 68.30-க்கும் நடுவில் இருப்பது 65.38. அதன் கோசைன் 0.4166. ஆக 2,113-ஐ 0.4166-ஆல் பெருக்கினால் 880. இப்போது 648, 880 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். விடை 1,093 கிலோமீட்டர்.

பூமியை உருண்டையாக வைத்து முழுச் சூத்திரமும் போட்டால் 1,088 வருகிறது. ஐந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம். பயணத் திட்டத்துக்கு 1,090 என்று வைத்துக்கொண்டால் போதும். விமானிகள் பேசும் கடல் மைலில் வேண்டுமானால் 1.852-ஆல் வகுங்கள், சுமார் 590. இந்தச் சுருக்கு வழி, ஊர்கள் 1,500 கிலோமீட்டருக்குள் இருந்து, துருவத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போகாதவரை நன்றாகவே வேலை செய்யும்.

கால்குலேட்டரில் கோசைன் போடும்போது அது பாகையில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியனில் இருந்தால் விடை கன்னாபின்னா என்று வரும்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி. கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, ஓடுபாதை மேல் வலது கிளிக் செய்து, தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, அடுத்த ஓடுபாதையைத் தொடுங்கள். அது உருண்டைக் கணக்கில்தான் அளக்கும். திரையில் கோடு எவ்வளவு நீளமாகத் தெரிந்தாலும் எண் சரியாக இருக்கும். ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. அப்புறம் எந்தத் தளம் தப்பான எண் காட்டினாலும் உடனே பிடித்துவிடலாம்.

3. திசை மாறிக்கொண்டே போகும்

இது பயணத் திட்டத்துக்கு அவசியம் இல்லை. ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, விட மனசில்லை.

யெல்லோநைஃபிலிருந்து இனுவிக்குக்கு மிகக் குறுகிய பாதையில் கிளம்பும் விமானம், புறப்படும்போது ஏறக்குறைய சரியாக வடமேற்கைப் பார்த்திருக்கும், அதாவது 315 பாகை. வளையாமல் நேராகத்தான் பறக்கிறது. ஆனால் இனுவிக்கை அடையும்போது அதன் மூக்கு 297 பாகையைக் காட்டும். தீர்க்கரேகைகள் நெருங்கி வருவதால், நேராகப் போகும் கோடுகூட ஒவ்வொரு தீர்க்கரேகையையும் வேறு கோணத்தில் வெட்டுகிறது. இதைத்தான் பெருவட்டப் பாதை என்கிறார்கள். தட்டை வரைபடத்தில் வளைந்து தெரிவதும் இதுதான்.

கனடாவின் வடக்கு வான்பரப்பில் காந்தத் திசைகாட்டியை நம்பிப் பறக்க முடியாது. காந்த வடதுருவத்தை நெருங்க நெருங்க முள் தடுமாறும். அதனால் அங்கே திசைகளை எல்லாம் உண்மை வடக்கை வைத்தே குறிக்கிறார்கள், ஓடுபாதை எண்கள் உட்பட.

4. நடுவில் எங்கே இறங்குகிறது?

சரி, 1,090 கிலோமீட்டர் என்று கண்டுபிடித்துவிட்டோம். ஆனால் அந்தக் கோட்டில் விமானம் நேராகப் பறக்குமா? பெரும்பாலும் இல்லை. இந்த வழித்தடத்தில் பல காலமாக வழக்கம், நடுவில் நார்மன் வெல்ஸில் இறங்கிப் போவதுதான். கனேடியன் நார்த் நிறுவனத்தின் விமானங்கள் இப்படிப் போகும். அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், டிக்கெட் எடுக்கும்போது "நேரடியா, ஒரு நிறுத்தமா" என்பதைக் கட்டாயம் பாருங்கள். விமான எண் ஒன்றே இருக்கும், மாற வேண்டியதும் இருக்காது, அதனால் சில தளங்களில் நிறுத்தம் இருப்பது கண்ணில் படாமலே போய்விடும்.

நார்மன் வெல்ஸ் மெக்கென்சி ஆற்றங்கரையில் இருக்கும் எண்ணெய் ஊர். 1920-இல் இங்கே எண்ணெய் கண்டுபிடித்தார்கள். இறங்கும்போது ஆற்றுக்கு மேலாகப் பார்க்கும் ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். நடு ஆற்றில் எண்ணெய் எடுக்க மனிதர்கள் கட்டிய தீவுகள் தெரியும்.

இப்போது ஒரு சுவாரசியம். நார்மன் வெல்ஸின் அமைவிடம் 65.28° வடக்கு, 126.80° மேற்கு. அதே கணக்கைப் போட்டால் யெல்லோநைஃபிலிருந்து 680 கிலோமீட்டர், அங்கிருந்து இனுவிக் 445 கிலோமீட்டர். மொத்தம் 1,125. நேராகப் போவதைவிட 35 கிலோமீட்டர்தான் கூடுதல். ஜெட் விமானத்துக்கு அது மூன்று நிமிட வேலை. ஆனால் இந்த நிறுத்தத்தால் பயண நேரம் முழுசாக ஒரு மணி நேரம் கூடிவிடும். எப்படி என்று அடுத்த படியில் பாருங்கள். வடக்கே தூரத்தை மட்டும் வைத்து நேரத்தை ஊகிக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

5. தூரத்தை நேரமாக மாற்றுவது

விமானத்தின் பயண வேகத்தால் தூரத்தை வகுத்தால் மட்டும் போதாது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலேறுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது, நிற்குமிடம் வந்து சேர்வது, இதற்கெல்லாம் ஒவ்வொரு தடவையும் ஜெட்டுக்கு 25 நிமிடம், டர்போப்ராப்புக்கு (விசிறியைச் சுழற்றிப் பறக்கும், ஜெட்டைவிட மெதுவான விமானம்) 20 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் போடும் நேரம் விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுபடி வந்து நிற்பது வரை. சக்கரம் தரையில் இல்லாத நேரம் மட்டும் இல்லை.

வேகத்துக்கு நான் எடுத்துக்கொள்வது: போயிங் 737 போன்ற ஜெட் மணிக்கு 780 கிலோமீட்டர், ஏ.டி.ஆர். 42 போன்ற டர்போப்ராப் மணிக்கு 500 கிலோமீட்டர். கொஞ்சம் முன்பின் இருக்கும், திட்டத்துக்குப் போதும்.

ஜெட், நேரடி: 1,090-ஐ 780-ஆல் வகுத்தால் 84 நிமிடம். 25 சேர்த்தால் 109. சுமார் 1 மணி 50 நிமிடம்.

ஜெட், நார்மன் வெல்ஸ் வழியாக: முதல் பகுதி 52-உம் 25-உம் சேர்த்து 77. தரையில் 35. இரண்டாம் பகுதி 34-உம் 25-உம் சேர்த்து 59. மொத்தம் 171 நிமிடம், அதாவது 2 மணி 50 நிமிடம்.

டர்போப்ராப், நேரடி: 131-உம் 20-உம் சேர்த்து சுமார் இரண்டரை மணி.

டர்போப்ராப், நார்மன் வெல்ஸ் வழியாக: 102, 35, 73. மொத்தம் 210 நிமிடம், மூன்றரை மணி.

ஆக, ஒரே இரண்டு ஊர்களுக்கு நடுவே 1 மணி 50 நிமிடத்திலிருந்து மூன்றரை மணி வரை நான்கு பதில்கள். டிக்கெட் பதிவு செய்யும் பக்கத்தில் விமான வகை என்ன என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தாலே உங்கள் பதில் எது என்று தெரிந்துவிடும்.

தரையில் 35 நிமிடமா என்று தோன்றலாம். இந்த ஊர்களுக்கு விமானம்தான் மளிகைக் கடை லாரியும், தபால் வண்டியும். பயணிகளோடு சரக்கும் நிறைய ஏறி இறங்கும். சில விமானங்களில் முன்பாதி முழுக்கச் சரக்கு, பின்பாதியில்தான் இருக்கைகள், பின்கதவு வழியாகத்தான் ஏற வேண்டும். பனிக்காலத்தில் இறக்கைமேல் படிந்த பனியைக் கரைக்கத் திரவம் தெளிக்க வேண்டியிருந்தால் இன்னும் கால் மணி, அரை மணி கூடும்.

6. காற்று

இந்த உயரங்களில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். அதனால் இனுவிக் போகும்போது எதிர்க்காற்றும், திரும்பும்போது முதுகுக் காற்றும் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஜெட்டுக்கு மணிக்கு 80 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்றால் 84 நிமிடம் 93 ஆகும். அதே காற்று முதுகில் அடித்தால் 76. டர்போப்ராப்புக்கு 50 கிலோமீட்டர் காற்றே போதும்: எதிரே என்றால் 145 நிமிடம், முதுகில் என்றால் 119. மெதுவான விமானத்தைக் காற்று அதிகம் பாதிக்கும். அவ்வளவுதான் விஷயம், இதற்குமேல் காற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

7. கடிகாரம்

யெல்லோநைஃப், நார்மன் வெல்ஸ், இனுவிக் மூன்றும் ஒரே நேர வலயம். 19 பாகை மேற்கே போயும் கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் மேற்கே இருக்கும் பக்கத்து ஆட்புலமான யூகானிலிருந்து, அதன் தலைநகர் வைட்ஹார்ஸ் வழியாக இனுவிக் வந்தால் கவனம் தேவை. 2020 நவம்பரிலிருந்து யூகான் கடிகாரத்தை மாற்றும் வழக்கத்தை விட்டுவிட்டது. அதனால் கோடையில் யூகானுக்கும் இனுவிக்குக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம் வரும். டிக்கெட்டில் போட்டிருப்பது எப்போதும் அந்தந்த ஊர் நேரம் என்பதை மறக்காதீர்கள்.

விமான வானிலை அறிக்கைகள் மட்டும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். யெல்லோநைஃபின் பனிக்கால நேரம் அதற்கு ஏழு மணி நேரம் பின்னால்.

8. வானிலைக்கு எவ்வளவு ஒதுக்குவது?

கணக்கில் கடினமான பகுதி இதுதான், முக்கியமானதும் இதுதான்.

முதலில் ஒரு தவறான பயத்தை நீக்கிவிடலாம். இனுவிக்கில் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி தொடக்கம் வரை சுமார் ஒரு மாதம் சூரியன் உதிக்காது. அதனால் விமானம் நின்றுவிடாது. இருட்டு விமானிக்குத் தடையே இல்லை, கருவிகளும் விளக்குகளும் இருக்கின்றன. வெறும் குளிரும் பெரிய தடை இல்லை. தடை செய்வது பார்வைத்தூரம்.

குளிர் மைனஸ் 35, 40 என்று போகும்போது பனிப்படிக மூடுபனி வரும். அந்தக் குளிரில் காற்றால் ஈரப்பதத்தைத் தாங்க முடியாது. வீட்டுப் புகைபோக்கி, வண்டியின் புகைக்குழாய், ஏன், ஓடுபாதையில் நிற்கும் விமானத்தின் எஞ்சின் விடும் நீராவிகூட வெளியே வந்த நொடியில் நுண்ணிய பனிப்படிகமாகி அங்கேயே மிதக்கும். காற்று அடிக்காத நாளில் அது கலையாது. மேலே பார்த்தால் நீலவானம், நேரே பார்த்தால் ஓடுபாதையின் மறுமுனை தெரியாது. ஒரு விமானம் கிளம்பிப்போன புகையே அடுத்த விமானத்தைத் தாமதப்படுத்திவிடும்.

செப்டம்பர் கடைசி, அக்டோபர் மாதங்கள் வேறு விதம். கழிமுகத்தில் ஏரிகளும் ஆற்றுக் கிளைகளும் இன்னும் உறையாமல் இருக்கும், காற்றோ குளிர்ந்துவிடும். தாழ்ந்த மேகம், மூடுபனி, உறைதூறல். உறைதூறல் விமானத்தின் மேல் விழுந்ததும் ஒட்டிக்கொண்டு பனிக்கட்டியாகும் என்பதால் விமானிகளுக்குப் பிடிக்கவே பிடிக்காது.

கோடையில் காட்டுத்தீப் புகை. 2023 ஆகஸ்டில் தீ நெருங்கியதால் யெல்லோநைஃப் நகரையே காலி செய்யச் சொன்னார்கள். அவ்வளவு போகாவிட்டாலும், புகையால் விமானங்கள் தாமதமாவது இப்போது கோடைகளில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று.

என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை போவது நல்லது. குளிர் இருக்கும், ஆனால் வானம் நிலையாக இருக்கும், பகல் வேகமாக நீளும். அடுத்தபடியாக ஜூன். அப்போது இனுவிக்கில் சூரியன் மறையாது.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. விமானம் எங்கே போனாலும், அங்கே இறங்க முடியாவிட்டால் வேறு ஊருக்குப் போகத் தேவையான எரிபொருளைச் சுமந்தாக வேண்டும். தெற்கே மாற்று விமான நிலையம் அரைமணியில் இருக்கும். இனுவிக்குக்கு நார்மன் வெல்ஸை மாற்றாக வைத்தால்கூட 445 கிலோமீட்டர். கூடுதல் எரிபொருள் என்றால் கூடுதல் எடை, அந்த எடையைச் சரக்கிலிருந்தோ பெட்டிகளிலிருந்தோ குறைக்க வேண்டும். உங்கள் பெட்டி அடுத்த விமானத்தில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே மருந்து, சார்ஜர், ஒரு செட் கம்பளி உடை, இவை கைப்பையிலேயே இருக்கட்டும்.

எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? என் அளவுகோல் இது: மார்ச், ஏப்ரல், ஜூன் மாதங்களில் அரை நாள். மற்ற மாதங்களில் ஒரு முழு நாள். தெற்கே திரும்பி, சர்வதேச விமானம் பிடிக்க வேண்டுமென்றால் எந்த மாதமானாலும் யெல்லோநைஃபில் ஒரு இரவு தங்கிவிடுங்கள்.

9. வாசலிலிருந்து வாசல்

நார்மன் வெல்ஸ் வழியாகப் போகும் ஜெட்டை எடுத்துக்கொள்வோம். யெல்லோநைஃப் விடுதியிலிருந்து டாக்ஸியில் 10 நிமிடம். ஒன்றரை மணி முன்னதாக விமான நிலையத்தில். பறப்பும் நிறுத்தமும் 2 மணி 50 நிமிடம். இனுவிக்கில் பெட்டி வர அரைமணி. ஊருக்குள் போக கால் மணி. மொத்தம் 5 மணி 15 நிமிடம். 1,090 கிலோமீட்டரை இந்த நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் சொச்சம்தான்.

10. சாலையில் போனால்?

நேர்கோட்டில் 1,090, சாலையில் 3,000-க்கு மேல் என்று ஏன் வருகிறது? இரண்டு ஊர்களையும் ஒரே ஆட்புலத்துக்குள் இணைக்கும் சாலை இல்லை. தெற்கிலிருந்து வரும் மெக்கென்சி நெடுஞ்சாலை ரிக்லி என்ற ஊரோடு நின்றுவிடுகிறது. அதற்கு வடக்கே பனிக்காலத்தில் மட்டும் உறைந்த நிலத்தின்மேல் சாலை போடுவார்கள். அதுவும் இனுவிக் வரை போகாது. ஆகவே காரில் போக, முதலில் தெற்கே இறங்கி, பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் நுழைந்து, அலாஸ்கா நெடுஞ்சாலையில் மேற்கே யூகானுக்குள் போய், டாசன் அருகே டெம்ஸ்டர் நெடுஞ்சாலையில் ஏறி, கடைசி 700 கிலோமீட்டருக்கும் மேல் சரளைக்கல் பாதையில் வடக்கே போக வேண்டும்.

டெம்ஸ்டர் 1979-இல் திறந்தது. வழியில் பீல், மெக்கென்சி என்ற இரண்டு ஆறுகளைக் கடக்க வேண்டும். கோடையில் படகு, பனிக்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே பாதை. ஆறு உறையும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் இரண்டும் இல்லை, சாலை மூடியிருக்கும். அந்த வாரங்களில் ஊருக்குள் வருவதெல்லாம் விமானத்தில்தான் வரும், இருக்கை கிடைப்பதும் கடினமாகும். அக்டோபர் கடைசி, நவம்பர், மே கடைசி, ஜூன் தொடக்கம், இந்த நாட்களில் போவதானால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

ஆற்று வழியும் உண்டு, சரக்குக்கு. இனுவிக்கில் இருக்கும் சின்ன மசூதி 2010-இல் இப்படித்தான் வந்தது. வின்னிபெக்கில் கட்டி முடித்து, முழுக் கட்டடத்தையும் லாரியில் கிரேட் ஸ்லேவ் ஏரியின் தென்கரை ஊரான ஹே ரிவர் வரை கொண்டுவந்து, அங்கிருந்து மெக்கென்சி ஆற்றில் மிதவையில் ஏற்றி, மொத்தம் சுமார் 4,000 கிலோமீட்டர் கடந்து இறக்கினார்கள். இந்த ஊர்க்காரர்கள் தூரத்தோடு எப்படிப் பழகியிருக்கிறார்கள் என்பதற்கு இதை நினைத்தால் போதும், எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும்.

சொல்லப்போனால் இனுவிக் அந்த இடத்தில் இருப்பதே விமானத்தையும் நினைத்துத்தான். பழைய ஊரான அக்லாவிக் வெள்ளத்தாலும் சேற்று நிலத்தாலும் தவித்தபோது, 1950-களில் புது ஊருக்கு இடம் தேடினார்கள். விமானத் தளம் அமைக்க ஏற்ற நிலம் வேண்டும் என்பது அப்போது வைத்த நிபந்தனைகளில் ஒன்று.

11. டிக்கெட் எடுக்கும்போது

தெற்கிலிருந்து இனுவிக் வரை முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் சரி. தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவதை விட்டதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் வேலை.

கனடாவின் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகளின்படி, வானிலை போன்ற நிறுவனத்தின் கையில் இல்லாத காரணத்தால் தாமதமானால் இழப்பீடு கிடையாது, விடுதிச் செலவும் உங்களுடையதே. விமானம் ரத்தாகி 48 மணி நேரத்துக்குள் அவர்களால் மாற்று இடம் தர முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பயணக் காப்பீடு எடுக்கும்போது வானிலைத் தாமதம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

முதல் நாள் மாலை மூன்று ஊர்களின் வானிலை அறிக்கையையும் பாருங்கள். நார்மன் வெல்ஸை மறந்துவிடாதீர்கள். இனுவிக் பளிச்சென்று இருந்தாலும், நடு நிறுத்தத்தில் மூடுபனி என்றால் உங்கள் விமானம் யெல்லோநைஃபிலேயே நிற்கலாம்.

வேறு ஊர்களுக்கும் போட்டுப் பாருங்கள்

கனடாவின் இன்னொரு வடக்கு ஆட்புலமான நுனாவுட்டில் இக்காலுவிட், ராங்கின் இன்லெட் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில், 23.6 பாகை தீர்க்கரேகை வித்தியாசத்தில் இருக்கின்றன. கணக்குப் போட்டால் சுமார் 1,180 கிலோமீட்டர். ஜெட்டில் நேராகப் பறந்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இவை வேறு வேறு நேர வலயத்தில் இருப்பதால், மேற்கே போகும்போது ஒன்பது மணிக்குக் கிளம்பினால் அங்கே கடிகாரம் பத்தைத் தொட்டிருக்காது. திரும்பும்போது அதே பயணம் கடிகாரப்படி மூன்று மணி நேரம்.

ரஷ்யாவின் யாகுட்ஸ்க், டிக்ஸி இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. இங்கே கோசைன் தேவையே இல்லை. அட்சரேகை வித்தியாசம் 9.6 பாகை, 111-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 1,070 கிலோமீட்டர், வேலை முடிந்தது. யெல்லோநைஃப்–இனுவிக் தூரத்துக்கு வெறும் 20 கிலோமீட்டர் குறைவு. 

நார்வேயின் ட்ரோம்ஸோவிலிருந்து ஸ்வால்பார்டின் லாங்யியர்பியனுக்கு 950 கிலோமீட்டர் சொச்சம், நேரடி ஜெட், ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நிறுத்தக் கணக்கு இங்கே வேண்டாம். ஆனால் ஸ்வால்பார்ட், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால் பாஸ்போர்ட் சோதனைக்கு நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் விசாவில் போகிறவர்கள் திரும்பி நார்வேக்குள் நுழைய மறுபடி அனுமதி வேண்டும், அதனால் ஒருமுறை மட்டும் நுழையும் விசாவை வைத்துக்கொண்டு அங்கே கிளம்பிவிடாதீர்கள்.